பின்னவல யானைகள் சரணாலயம்: சூழல் வரலாற்று நோக்கு

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில், கேகாலை மாவட்டத்து ரம்புக்கனைக்கு அருகே, மா ஓயாக் கரையோரம் அமைந்துள்ளது பின்னவல யானைகள் சரணாலயம். தாயை இழந்தும் காயப்பட்டும் தனித்துப்போன யானைக்குட்டிகளை வளர்ப்பதற்காக வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் 1975 பெப்ரவரி 16 அன்று இதைத் திறந்தது. அப்போது இருந்தவை ஐந்து குட்டிகளும் 25 ஏக்கர் தென்னங்காணியும். 1978இல் நிர்வாகம் தெஹிவளை மிருகக்காட்சிசாலையை நடத்தும் திணைக்களத்தின் கைக்கு மாறியது. 1982இல் இனப்பெருக்கத் திட்டம் தொடங்கி, 1984இல் முதற்குட்டி பிறந்தது. இப்போது 70 யானைகள் அளவில் இங்கு வாழ்கின்றன. 2021 ஆகஸ்ட் 31 அன்று சுரங்கி என்னும் பெண்யானை இரட்டைக் குட்டிகளை ஈன்றது. இலங்கையின் வளர்ப்பு யானைகளிடையே 1941க்குப் பின் அறியப்பட்ட முதல் இரட்டைப் பேறு இது.

இவ்வளவும் பயணக் கையேடுகளில் கிடைக்கும். சூழல் வரலாற்றை வைத்துப் பார்ப்பவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. காட்டு யானைகள் நிலையாக வாழாத மாவட்டம் கேகாலை. இறப்பரும் தென்னையும் தேயிலையும் மலைகளைப் போர்த்தியிருக்கும் இந்த இடத்துக்கு, வறண்ட வலயத்திலிருந்து குட்டிகளை ஏற்றிவந்து, நாட்டின் பெரிய வளர்ப்பு யானைக்கூட்டத்தை உருவாக்கியது எப்படி நடந்தது? விடையின் ஒரு பாதி தோட்டங்களின் வரலாற்றில் இருக்கிறது. மறுபாதி, இயற்கையைக் காசு கொடுத்துப் பார்க்கும் பழக்கம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த கதையில் இருக்கிறது.

காடு தோட்டமானது

பிரித்தானியர் 1815இல் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றியபோது மத்திய மலைநாடும் அதன் மேற்குச் சரிவுகளும் பெரும்பாலும் மழைக்காடுகள். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுக்குரியதாக்கியது. அரசு அவற்றைக் கோப்பித் துரைமாருக்கு விற்றது. அமெரிக்கச் சூழல் வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் வெப் 2002இல் வெளியிட்ட ‘டிராப்பிக்கல் பயனியர்ஸ்’ என்ற நூல் இந்த மாற்றத்தை 1800 முதல் 1900 வரை தொடர்ந்து செல்கிறது. சேனைப் பயிர், கோப்பி, தேயிலை என்று மலை எப்படிப் படிப்படியாகக் கைமாறியது என்பதே அதன் பொருள். காட்டை வெட்டும் ஒப்பந்தங்களில் சிங்களக் கிராமத்தவர் பெரும்பங்கு எடுத்தார்கள். நடுகையும் களையெடுப்பும் பறிப்பும், தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணிகளின் பின்னால் வந்தவர்களின் தோளில் விழுந்தன.

யானைக்கு இந்தக் காலம் கொடியது. தோட்டக்காரருக்கு அது பயிரை மிதிக்கும் எதிரி, அதிகாரிக்கு அது வேட்டைப் பொருள். மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற படை அதிகாரி 1400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. அவர் 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார், மலைநாட்டு மக்கள் அதற்குத் தெய்வக் கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கையில் அவரையும் மிஞ்சியது அரசின் சன்மானம். குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதியபடி, 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வடபகுதியின் ஒரு பாகத்தில் மட்டும் 3500 யானைகளுக்கும், 1851க்கும் 1856க்கும் இடையில் தெற்கே 2000 யானைகளுக்கும் கொன்றதற்கான பணம் கொடுக்கப்பட்டது.

1869இல் இலைத்துரு நோய் கோப்பியைத் தாக்கியது, அடுத்த இருபதாண்டுக்குள் அந்தப் பயிரே ஒழிந்தது. தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1889இல் கேகாலையும் இரத்தினபுரியும் சேர்ந்து சப்ரகமுவ தனி மாகாணமானது. 1876இல் கியூ பூங்காவிலிருந்து வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்ட இறப்பர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டியின் புண்ணியத்தில் விலையேறியபோது கேகாலையின் தாழ்ந்த குன்றுகளும் வெட்டித் திறக்கப்பட்டன. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவன்வெல்ல, இரத்தினபுரி, இறக்குவானை, பலாங்கொடை என்று தோட்டப் பெயர்கள் வரைபடத்தை நிறைத்தன. ஈர வலயக் காட்டில் யானை ஏறக்குறைய இல்லாமற்போனது. சிங்கராஜக் காட்டோரத்திலும் சிவனொளிபாதமலைச் சாரலிலும் மிகச் சிலவே எஞ்சின. கட்டுண்ட யானை மட்டும் கேகாலையில் தொடர்ந்தது. வளவுக் குடும்பங்களும் விகாரைகளும் அதை வைத்திருந்தன. மரம் இழுக்கவும் பெரஹெராவில் நடக்கவும் அது பயன்பட்டது.

பின்னவலக்குப் போகும் வழியும் தோட்டத்துக்காக உண்டானதுதான். கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இல் முழுதாகத் திறக்கப்பட்ட ரயில்பாதை கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கப் போடப்பட்டது. அதில் மலையேற்றம் தொடங்கும் நிலையம் ரம்புக்கனை.

யானை காட்சியானது

இலங்கை யானை அமெரிக்காவில் காட்சிப் பொருளானதும் கோப்பிக் காலத்தில்தான். பி. டி. பார்னம் என்ற பெயர்பெற்ற காட்சிக்காரரும் அவரது கூட்டாளிகளும் 1850இல் நியூயோர்க்கிலிருந்து ‘ரெகாட்டா’ என்னும் கப்பலை யானை பிடிக்கவென்றே இலங்கைக்கு அனுப்பினார்கள். 1851இல் பத்து யானைகள் உயிரோடு நியூயோர்க் சேர்ந்தன. சோடி சோடியாகத் தேரில் பூட்டப்பட்டு அவை பிரோட்வே வீதியில் ஊர்வலம் போயின. அவற்றை அடக்கத் தெரிந்த இலங்கையர் ஒருவரும் கூடவே போனார். பார்னம் தம் சுயசரிதையில் யானைகளை எண்ணிச் சொல்கிறார், அந்தப் பாகனின் பெயரைச் சொல்லவில்லை.

1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் இலங்கை அரசு ‘சிலோன் கோர்ட்’ என்ற மண்டபத்தைக் கட்டி அமெரிக்கருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தது. விவேகானந்தரும் அநகாரிக தர்மபாலவும் பேசிய சர்வமத மாநாடு நடந்ததும் அந்தக் கண்காட்சியை ஒட்டியே. வேதாந்தமும் பௌத்தமும் போன வழியில்தான் தோட்டத் தேயிலையும் அமெரிக்கா போயிற்று.

ஆனால் பின்னவலக்கு நேர்மூதாதை ஜேர்மனியில் இருந்தார். ஹம்பர்க் நகரத்து விலங்கு வியாபாரி கார்ல் ஹாகன்பெக் 1880களில் இலங்கையிலிருந்து யானைகளையும் மனிதர்களையும் சேர்த்தே கொண்டுபோய் ஐரோப்பிய நகரங்களில் காட்சிக்கு வைத்தார். 1904இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் உலகக் கண்காட்சியிலும் அவரது விலங்குக் காட்சி இடம்பெற்றது. 1907இல் ஹம்பர்க்கின் ஸ்டெலிங்கனில் அவர் திறந்த பூங்காவில் கம்பிக்கூடு இல்லை. பார்வையாளரின் கண்ணுக்கு எட்டாதபடி அகழிகள் வெட்டி, செயற்கைப் பாறைகள் எழுப்பி, விலங்கு தன் காட்டிலேயே நிற்பதுபோன்ற தோற்றத்தை அவர் உண்டாக்கினார். நைஜல் ரொத்பெல்ஸ் 2002இல் வெளியிட்ட நூல், இன்றைய மிருகக்காட்சிசாலை பிறந்த இடம் இதுவே என்று விளக்குகிறது. விலங்கு அடைபட்டிருக்கிறது என்ற உறுத்தல் இல்லாமல் பார்ப்பதற்கான ஏற்பாடு அது.

அந்தக் குடும்பத்தின் இன்னொருவரான ஜோன் ஹாகன்பெக் கொழும்பில் தங்கி விலங்கு வியாபாரமும் தோட்டமும் நடத்தினார். தெஹிவளையில் ஹாகன்பெக் பெயரில் இயங்கிய விலங்குக் கம்பனி நொடித்தபோது, 1936இல் அரசு அதைப் பொறுப்பேற்றது. அதுவே இன்றைய தேசிய மிருகக்காட்சிசாலை. 1978 முதல் பின்னவலயை நடத்துவது அதே திணைக்களம். கூடில்லாத, வேலி தெரியாத, ஆற்றங்கரையில் அவிழ்த்துவிட்டதுபோல் நிற்கும் யானைக்கூட்டத்தைப் பார்க்கும்போது ஸ்டெலிங்கனை நினைப்பது மிகை அன்று.

அமெரிக்காவுக்கான போக்குவரத்து சுதந்திரத்துக்குப் பின்னும் நிற்கவில்லை. அமெரிக்காவின் இருநூறாவது ஆண்டு நிறைவுக்காக 1976இல் இலங்கைச் சிறுவர்களின் பரிசாக வொஷிங்டன் தேசிய மிருகக்காட்சிசாலைக்குப் போன சாந்தி என்ற அநாதைக் குட்டி 2020 வரை அங்கே வாழ்ந்தது. 2001இல் அது ஈன்ற ஆண்குட்டிக்குக் கண்டுல என்று பெயர் வைத்தார்கள். தமிழ் மன்னன் எல்லாளனை எதிர்த்த துட்டகைமுனுவின் போர்யானையின் பெயர் அது. வொஷிங்டனில் அந்தப் பெயரைக் கேட்டு முகம் மாறியிருக்கக்கூடியவர்கள் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள். 1984 ஜூனில் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன, ஜனாதிபதி றேகனுக்கு ஜயது என்ற குட்டியைக் கையளித்தார். அது அந்த ஆண்டே இறந்தது.

காட்சிப் பூங்கா பற்றிய ஆய்வுகள்

1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் அனஹைமில், தோடைத் தோப்புகளை வெட்டிய நிலத்தில், டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. அதன் காட்டு ஆற்றுப் படகுச் சவாரிக்கு உயிருள்ள விலங்குகளைக் கொண்டுவர வோல்ட் டிஸ்னி முதலில் எண்ணினார். உயிருள்ளவை சொன்ன நேரத்துக்குத் தோன்றமாட்டா என்பதால் இயந்திர விலங்குகள் வைக்கப்பட்டன. 1998 ஏப்ரல் 22, பூமி நாளன்று, புளோரிடாவில் டிஸ்னி நிறுவனம் உயிருள்ள விலங்குகளோடு ஒரு பூங்காவையே திறந்தது. அதன் ஆசியப் பகுதி ‘ஆனந்தபூர்’ என்னும் ஊர். உலகில் எங்கும் இல்லாத ஊர்.

இத்தகைய இடங்களை விளையாட்டாகத் தள்ளாமல் வரலாறாகப் படிக்கும் போக்கு அமெரிக்காவில் 1990களில் வலுப்பெற்றது. சூழல் வரலாற்றாசிரியர் வில்லியம் குரோனன் 1995இல் தொகுத்த ‘அன்கொமன் கிரவுண்ட்’ என்ற கட்டுரை நூல் அதில் முதன்மையானது. மனிதக்கை படாத காடு என்ற எண்ணமே மனிதர் படைத்த ஒன்று என்பது குரோனனின் வாதம். அதே தொகுப்பில் எழுதிய சூசன் டேவிஸ், 1997இல் சான் டியாகோவின் ‘சீ வேர்ல்ட்’ பற்றித் தனி நூல் வெளியிட்டார். கடல்வாழ் உயிர்களின் சாகசக் காட்சியில் விற்கப்படுவது இயற்கையோடு நெருங்கிவிட்டோம் என்ற உணர்வுதான். அந்த உணர்வு பார்வையாளரை இயற்கையின் நண்பராக்கும். கடலைக் கெடுப்பது யார் என்ற கேள்வி அரங்குக்குள் வராது. டேவிஸின் ஆய்வை இப்படிச் சுருக்கலாம். ஒரு காட்சிப் பூங்காவின் உள்ளே உட்கார்ந்து கவனித்து, அதன் முதலாளித்துவக் கணக்கையும் சேர்த்துப் படித்த நூல் என்பதால் அதன் மதிப்பு இன்றும் குறையவில்லை.

சப்ரகமுவவுக்கு அதைவிடப் பொருந்துவது அந்தத் தொகுப்பின் இன்னொரு கட்டுரை. ரிச்சர்ட் வைட் எழுதியது. சூழல் ஆர்வலர் இயற்கையை ஓய்வுக்குப் போகும் இடமாக மட்டும் கருதுகிறார்கள், உழைப்பின் வழியே நிலத்தையும் ஆற்றையும் மரத்தையும் அறிந்தவர்களை அழிப்பவர்களாகவே பார்க்கிறார்கள் என்று அவர் குறை சொல்கிறார். விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போகிறவருக்கு இறப்பர் மரத்தின் பட்டை எவ்வளவு ஆழத்தில் பால் தரும், எந்த மழையில் வெட்டக்கூடாது என்பது கைக்குத் தெரியும். கொழுந்து எடுப்பவருக்கு மலையின் எந்த முடக்கில் அட்டை அதிகம், எந்தப் பக்கம் மண் இளகும் என்பது காலுக்குத் தெரியும். இதுவும் இயற்கை அறிவுதான். சுற்றுலா விளம்பரத்தில் அவர் வருவதோ கூடை சுமந்து சிரிக்கும் காட்சியின் ஓர் அங்கமாக.

கேகாலை மாவட்டத்தில் இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு கித்துல்கல. 1957இல் வெளிவந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்துக்காக களனி ஆற்றின் மேல் அங்கே பாலம் கட்டி உடைத்தார்கள். தாய்லாந்துக் காடாக நடித்த அந்த ஆற்றங்கரையைப் பார்க்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள். கூடவே வெள்ளைநீர்ப் படகுச் சவாரியும் உண்டு. சவாரிக்கு வேண்டிய நீரோட்டம், மேலே உள்ள நீர்மின் நிலையங்கள் தண்ணீர் விடுவதைப் பொறுத்தது. காட்டாற்றின் சீற்றம் அங்கே மதகில் இருக்கிறது.

பின்னவலயின் ஒரு நாள்

இங்கே நாள் ஒரு நிகழ்ச்சி நிரல்போல ஓடுகிறது. குட்டிகளுக்குப் புட்டிப் பால், பின் கூட்டமாக மா ஓயாவுக்கு நடை, குளியல், திரும்பி வருதல், பிற்பகல் மீண்டும் குளியல். ஆற்றுக்குப் போகும் வழி ரம்புக்கனை வீதியைக் கடந்து, நினைவுப் பொருட்கடைகள் நெருக்கும் ஒழுங்கை வழியே செல்கிறது. யானை போகும் ஐந்து பத்து நிமிடம் வாகனங்கள் நிற்கும், கடைக்காரர் சாமான்களை உள்ளே இழுத்துக்கொள்வார். வெளிநாட்டவரின் அனுமதிச் சீட்டு விலை உள்ளூரவருக்கு உள்ளதைப் போலப் பல மடங்கு.

வளர்ந்த யானை ஒன்றுக்கு ஒரு நாளில் 250 கிலோ அளவில் பசுந்தீனி வேண்டும். 25 ஏக்கரில் தொடங்கிய இடம் அதற்குப் போதாது. கித்துள், தென்னோலை, பலா இலை என்று லொறியில் வெளியிலிருந்து வருகிறது. யானை காட்டை மேய்வதுபோல் தோன்றும் இடத்தில், உண்மையில் சுற்றுவட்டாரத் தோட்டங்களையே அது மேய்கிறது. லத்தியிலிருந்து காகிதம் செய்யும் தொழில் 1990களின் பிற்பகுதியில் கேகாலையில் தோன்றி வெளிநாட்டுச் சந்தையையும் பிடித்தது. இந்த வட்டாரத்தில் உருவான புதிய தொழில்களில் உருப்படியான ஒன்று.

பார்வையாளர் மறக்காத யானைகள் இரண்டு. கண்ணிவெடியில் காலின் ஒரு பகுதியை இழந்த சாமாவும், பார்வையற்ற கொம்பன் ராஜாவும். கொம்பனுக்கு முதுமை வரை கவளம் ஊட்டப்பட்டது. மருத்துவமும் பராமரிப்பும் இல்லாவிட்டால் இவை காட்டில் ஒரு வாரம் தாங்கியிரா. பின்னவலயை வெறும் வியாபாரம் என்று ஒதுக்குவோர் இதை விட்டுவிடுகிறார்கள்.

எதிர்ப்பக்கக் குறைகளும் நியாயமானவை. சங்கிலி, அங்குசம், சுற்றுலாப் பயணி தொட்டுப் படமெடுத்தல், காட்டுக்குத் திரும்ப வழியே இல்லாத வளர்ப்பு, விகாரைகளுக்கும் வெளிநாட்டு மிருகக்காட்சிசாலைகளுக்கும் யானைகளைப் பரிசாகக் கொடுத்தல் ஆகியவை நெடுநாளாகக் கண்டிக்கப்படுகின்றன. 2015இல் அஞ்சலி என்ற யானை நியூசிலாந்தின் ஓக்லாந்துக்குப் போனது. அடுத்து நந்தியை அனுப்ப முயன்றபோது 2017இல் வழக்குத் தொடரப்பட்டு, அனுப்புதல் தடைப்பட்டது.

உடவளவ: மறுவழி

இதே மாகாணத்தில், இரத்தினபுரி மாவட்டத்தின் தென்கிழக்கு முனையில், இதற்கு நேர்மாறான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. வளவை கங்கையை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கத்தால் இடம்பெயர்ந்த விலங்குகளுக்காக 1972இல் உடவளவ தேசியப் பூங்கா பிரகடனமானது. 308 சதுர கிலோமீற்றர் பரப்புடைய அதன் ஓரத்தில் 1995இல் வனசீவராசிகள் திணைக்களம் யானைக்குட்டிகள் இடைத்தங்கல் நிலையத்தைத் தொடங்கியது. இங்கும் குட்டிக்குப் பால் கொடுக்கிறார்கள், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. பார்வையாளர் எட்டி நின்று பார்க்கலாம், தொடமுடியாது. ஐந்து வயது அளவில் கூட்டமாகக் காட்டுக்குள் விடுகிறார்கள். 1998 முதல் விடப்பட்டவை நூறைத் தாண்டிவிட்டன. அவற்றில் சில காட்டிலேயே குட்டி ஈன்றுள்ளன.

உடவளவயும் குறையற்றது அன்று. மின்வேலி சூழ்ந்த பூங்காவில் தீனிக்குத் தட்டுப்பாடு உண்டு. நீர்த்தேக்கக் கட்டருகே வேலியோரம் நின்று வழிப்போக்கரிடம் பழம் வாங்கித் தின்று பழகிய ஆண்யானை ஒன்றுக்கு ஊரார் வைத்த பெயர் ராம்போ. ஆனாலும் பிள்ளையை வளர்த்து வீட்டுக்கு அனுப்புவதும், வளர்த்து வாசலில் நிறுத்தி வைப்பதும் ஒன்றல்ல. இலங்கையில் 2023இல் மட்டும் 400க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன, பெரும்பாலும் மனித மோதலால். அநாதைக் குட்டிகள் குறையப்போவதில்லை. எந்த வழியில் அவற்றை வளர்ப்பது என்பது இன்றைய கொள்கைக் கேள்வி.

தோட்டத்தின் இடம்

பின்னவல திறந்த 1975ஆம் ஆண்டு தோட்டங்களுக்கும் திருப்புமுனை. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாரின் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975 ஒக்டோபரில் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. அந்த ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டிலும் காணிப் பங்கீட்டிலும் தோட்டத் தமிழர் வேலையும் லயமும் இழந்தார்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பங்கள் தலைமன்னார் வழியே கப்பலேறிக்கொண்டிருந்த காலமும் அதுவே. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானைப் பகுதித் தோட்டங்கள் தாக்கப்பட்டன. வழிதவறிய யானைக்குட்டிக்கு இடம் தேடிக்கொடுத்த அதே அரசு, தலைமுறையாக அந்த மலையில் இருந்தவர்களைக் குடியுரிமைக் கணக்கில் சேர்க்க 2003 வரை சட்டம் இயற்றிக்கொண்டிருந்தது.

சரிவுகளும் கணக்குத் தீர்க்கின்றன. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து மூன்று கிராமங்கள் புதைந்தன. அதே மழையில் புளத்கொஹுப்பிட்டிய களுபஹனத் தோட்டத்தில் லயங்களின் மேல் மண் இறங்கியது. பின்னவலயிலிருந்து இவை தூரமில்லை. ஆனால் ஆற்றங்கரை ஹோட்டல்களின் மாடியில் உட்கார்ந்து குளியலைப் பார்ப்பவருக்கு இந்த மலைகளும் யானையின் பின்னணிப் பச்சையாகவே தெரியும்.

2015 ஏப்ரலில் பின்னவலயில் திறந்தவெளி மிருகக்காட்சிசாலையும் சேர்க்கப்பட்டது. விரிவாக்கத்துக்குப் பணமும் நிலமும் கிடைக்கும் இடம் இது. அடுத்த விரிவாக்கத்தில் ஒரு கூடம் கட்டி, இந்தச் சரிவு காடாக இருந்ததையும், அதில் யானை அழிந்ததையும், கோப்பியும் தேயிலையும் இறப்பரும் நட்ட கைகள் யாருடையவை என்பதையும் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கவேண்டும். அதற்கான செலவு, ஒரு யானையின் ஓராண்டுத் தீனிச் செலவைத் தாண்ட வேண்டியதில்லை.